அழாத மாதிரி

நானும் எத்தனையோ பெரிய ஆட்களைப் பேச்சில் மடக்கியவன்தான். ஆனால் இந்தப் பிள்ளை மடக்கிய மாதிரி மடக்கியதில்லை.

திருப்பூர் சாயப்பட்டறையில் வேலை பார்த்த ஒடிசாக்காரர் ஒருவர், ஈரல் கெட்டு ஆஸ்பத்திரியில் என் பக்கத்துக் கட்டிலில் நினைவில்லாமல் கிடந்தார். மனைவிக்குத் தமிழ் தெரியாது. ஏழாவது படிக்கும் மகள் லிப்சாதான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அம்மாவுக்கு வாயாக நின்றாள்.

மாணவர்கள் புடைசூழப் பெரிய டாக்டர் வந்தார். அந்த அம்மாவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"ஏ பொண்ணு, இவர் பிழைக்க மாட்டார்னு உங்கம்மாகிட்ட சொல்லு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகட்டும். ஆனா இங்க ஒப்பாரி கூடாது. அவ அழாத மாதிரி சொல்லணும், புரியுதா?"

பச்சைப் பிள்ளையிடம் பேசுகிற பேச்சா இது?

லிப்சா கையைக் கட்டிக்கொண்டாள்.

"அப்படிச் சொல்ல எனக்குத் தெரியாதுங்க சார். நீங்க ஒரு தடவை சொல்லிக் காட்டுங்க. அதே மாதிரி சொல்றேன்."

"இப்பதானே சொன்னேன்!"

"அது அம்மாகிட்ட சொல்லச் சொன்னதுங்க. நான் இவரோட மகள். எனக்கு இன்னும் யாரும் சொல்லலைங்க சார்."

மாணவர்கள் தலைகுனிந்தார்கள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உங்கப்பா..." என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

"நான் அழாத மாதிரி சொல்லுங்க சார்."

டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த அம்மா, மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். மொழிபெயர்க்க எதுவும் மிச்சமில்லை.

வார்டு முழுக்கக் கேட்கும்படி இருவரும் அழுதார்கள். சத்தம் போடாதே என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.