ஏழாவது வடை

அன்று வெள்ளிக்கிழமை. செய்முறைத் தேர்வுக்காக அரசு மருத்துவமனையின் சைக்கிள் கொட்டகை ஓரம் கூடியிருந்தவர்கள் ஆறு பேர். சமுதாயக் கல்லூரியில் மனித சேவைப் பட்டயப் படிப்பு நடத்தும் ஜெபராணி மிஸ். அவரிடம் படிக்கும் பிரிசில்லா, ஷேக் மைதீன், தையல் கடையை மூடிவிட்டுப் படிக்க வந்த கோமு, ரத்தத்தைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்ளும் சுடலைமுத்து. கடைசியாகக் குற்றாலிங்கம். மிஸ்ஸுக்கு வயது முப்பத்திரண்டு. குற்றாலிங்கத்துக்கு ஐம்பத்தொன்பது.

ஆட்கள் தவிர, மிஸ்ஸின் கைப்பையில் ஒரு பொட்டலமும் இருந்தது. அதில் பருப்பு வடை ஏழு.

கடைக்காரர் கட்டும்போதே குற்றாலிங்கம் எண்ணிவிட்டார். நூற்பாலையில் முப்பது வருஷம் ஷிப்டுக்கு ஆள் எண்ணியவர். ஆலை மூடிய பிறகு வீட்டில் எண்ண ஆரம்பித்தார். "நான் நறுக்குத வெண்டைக்காயை எண்ணாம, எங்கயாவது போய்ப் படிங்க" என்று மனைவி ஆவுடையம்மாள் விரட்டியதில் வந்த படிப்பு இது.

வடை விஷயத்தில் மிஸ்ஸுக்கு ஒரு வழக்கம் உண்டு. செய்முறைத் தேர்வு முடிந்ததும் ஆளுக்கு ஒரு வடை. தேறாதவருக்கு இரண்டு. ஏன் என்று கேட்டால், "தேறினவங்களுக்குச் சான்றிதழ் இருக்கு. மத்தவங்களுக்கு வடையாவது இருக்கட்டுமே" என்பார்.

ஆறு பேருக்கு ஏழு வடை. அப்படியானால் ஒருவர் தேறமாட்டார் என்று மிஸ் முடிவு செய்தே வாங்கியிருக்கிறார். அது யார் என்று குற்றாலிங்கம் ரொம்ப யோசிக்கவில்லை. போன தடவை இரண்டு வடை தின்றவர் அவர்தான்.

போன தடவை அவர் ஒரு சர்க்கரை நோயாளிக்குத் துணையாகப் போனார். தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, அதே நோயில் செத்துப்போன தன் பெரியப்பாவின் கதையை ஆரம்பித்தார். பெரியப்பாவுக்குக் கால் எடுக்கும் இடம் வருவதற்குள் நோயாளி டவுன் பஸ் ஏறிவிட்டார்.

இந்த முறையும் தவறினால் மறுபடி எழுத முடியாது. தேறினால் இதே மருத்துவமனையின் வாசலில், உதவி மேசையில் வேலை. திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். தேறாவிட்டால் திங்கட்கிழமையும் வெண்டைக்காய்தான்.

"மிஸ், ஒரு சந்தேகம்."

"கேளுங்க அண்ணாச்சி."

"உதவின்னா என்ன? சரியாச் சொல்லிட்டீங்கன்னா அப்படியே செஞ்சிருவேன்."

"யாராவது ஒருத்தர் கூடப் போங்க. அவங்க காரியம் முடியுத வரைக்கும் கூட இருங்க. மத்தியானம் சொல்லுதேன்."

"பேசலாமா?"

"வேண்டாம் அண்ணாச்சி!" என்றார்கள் மற்ற நால்வரும்.

குற்றாலிங்கம் வகுப்பில் படித்ததை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். கேட்பது எப்படி என்று ஒரு பாடம். முன்னால் சாய வேண்டும். பேசுகிறவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அவர் சொன்னதை ஒருமுறை திருப்பிச் சொல்ல வேண்டும். புத்திமதி கூடாது. கதை கூடாது. பெரியப்பா கூடவே கூடாது.

புறநோயாளர் வாசலில் ஓர் அம்மாள் நின்றிருந்தார். பெயர் தாயம்மாள். ஐம்பது வயதிருக்கும். இடது கையைத் துண்டால் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தார். உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தார்.

குற்றாலிங்கம் முன்னால் சாய்ந்தார். "என்னம்மா செய்யுது?"

"வழுக்கி விழுந்துட்டேன் அண்ணாச்சி. கை வீங்கிட்டு."

"வழுக்கி விழுந்துட்டீங்க. கை வீங்கிட்டு."

"ஆமா. ராத்திரியெல்லாம் தூக்கமில்ல."

"ராத்திரியெல்லாம் தூக்கமில்ல."

தாயம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கட்டுப் போடுத இடம் எங்க இருக்கு?"

"கட்டுப் போடுத இடம் எங்க இருக்குன்னு கேக்கீங்க."

"நான்தான கேக்கேன்!"

"நீங்கதான் கேக்கீங்க."

தாயம்மாளின் முகத்தில் வலி போய் இரக்கம் வந்தது. குற்றாலிங்கத்தின் காதுக்குப் பக்கத்தில் வந்து கத்தினார். "காது எத்தனை வருசமா இப்படி இருக்கு?"

"காதெல்லாம் நல்லாத்தான் இருக்கும்மா."

"எங்க மாமனாரும் இதைத்தான் சொன்னாரு! இப்படியே வாயைப் பாத்துப் பாத்து, சொன்னதையே திருப்பிச் சொல்லுவாரு. கடைசில ஆட்டோ ஹாரன் அடிச்சதுகூடக் கேக்கல!"

"அய்யோ, இது பாடம்மா..."

"பாடம் அப்புறம் படிக்கலாம். கூட யாரும் வரலையா? வாங்க, காது டாக்டர்கிட்ட நான் கூட்டிட்டுப் போறேன்."

நல்ல கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். குற்றாலிங்கம் திரும்பிப் பார்த்தார். தூண் ஓரம் மிஸ் நின்றுகொண்டிருந்தார். யார் கையை யார் பிடித்திருக்கிறார்கள் என்பது அங்கிருந்து நன்றாகத் தெரியும்.

நடைவழியில் குற்றாலிங்கம் காலை ஊன்றி நின்றார்.

"அம்மா, எனக்கு ஒண்ணுமில்ல. நான் உங்களுக்கு உதவி செய்ய வந்தவன். முதல்ல உங்க கையைப் பாப்போம்."

தாயம்மாள் பிடியை விட்டார். குரலும் இறங்கிவிட்டது.

"உங்களுக்கு ஒண்ணும் இல்லையா? அப்ப நான் வீட்டுக்குப் போறேன். எலும்பைப் பிடிச்சு இழுப்பாங்களாம், எனக்குப் பயம். நேத்தும் வாசலோட திரும்பிட்டேன்."

அவர் வெளிவாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

குற்றாலிங்கம் தூணைப் பார்த்தார். மிஸ் அங்கேயே இருந்தார். திங்கட்கிழமை அவர் கண்ணுக்கு முன்னால் வந்து போனது. அதன் பின்னாலேயே வெண்டைக்காயும் வந்தது. அவர் கையைக் குவித்துக் காதில் வைத்துக்கொண்டார்.

"என்ன சொன்னீங்க?" என்று உரக்கக் கேட்டார்.

தாயம்மாள் நின்றார். திரும்பினார். "பாத்தீங்களா? இதைத்தான் சொன்னேன்!" என்று மறுபடி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

காது டாக்டர் விளக்கு வைத்துப் பார்த்தார். "காது நல்லா இருக்கே" என்றார்.

"இன்னும் கொஞ்சம் உள்ள பாருங்க டாக்டர். அவரு வெக்கப்பட்டு மறைக்காரு" என்றார் தாயம்மாள்.

டாக்டர் உள்ளே பார்த்தார். கொஞ்சம் அழுக்கு இருந்தது. எடுத்தார். வலது காதில் எடுத்தபோது குற்றாலிங்கத்தின் கண்ணில் தண்ணீர் வந்தது. தாயம்மாள் முதுகைத் தடவிக்கொடுத்தார். வெளியே வந்ததும் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். தான் குடிக்கவில்லை.

"இனி நீங்க வீட்டுக்குப் போங்க அண்ணாச்சி!" என்று கத்தினார்.

"எனக்குத் தனியாப் போகப் பயமா இருக்கும்மா. நீங்க எங்க போறீங்களோ அங்க வாரேன்."

"நான் எங்க போறது?"

"கட்டுப் போடுத இடத்துக்குப் போனீங்கன்னா, பக்கத்துல உக்காந்துக்கிடுவேன்."

தாயம்மாள் அங்கேயும் இங்கேயும் பார்த்தார். "வழி, வழி" என்ற சத்தத்தோடு ஸ்ட்ரெச்சர்கள் ஓடிக்கொண்டிருந்தன. காது கேட்காத மனிதரை எப்படி விட்டுவிட்டுப் போவது?

எலும்பு டாக்டரிடம் தாயம்மாள் முதலில் சொன்னது, "இவருக்குக் காது கேக்காது" என்பதைத்தான். டாக்டர் எலும்பைச் சரிசெய்தபோது தாயம்மாள் குற்றாலிங்கத்தின் மணிக்கட்டை நெரித்தார். அலறியது குற்றாலிங்கம்.

"பயப்படாதீங்க அண்ணாச்சி! மாவுக்கட்டுதான் போடுதாங்க!" என்று தாயம்மாள் அவருக்குத் தைரியம் சொன்னார்.

டாக்டர் குற்றாலிங்கத்தின் காதில் கத்தினார். "கையை நனைக்கக் கூடாது!"

"கையை நனைக்கக் கூடாது."

"ஒரு மாசம் பாரம் தூக்கக் கூடாது!"

"ஒரு மாசம் பாரம் தூக்கக் கூடாது."

மத்தியானம் எல்லோரும் சைக்கிள் கொட்டகைக்குத் திரும்பினார்கள். தாயம்மாளும் வந்தார். குற்றாலிங்கத்தை உரிய ஆளிடம் ஒப்படைக்காமல் அவருக்கு மனசு வரவில்லை.

"நீதான் இவரைப் பாத்துக்கிடுத பொண்ணா?" என்று மிஸ்ஸிடம் கேட்டார். "நல்ல மனுசன். காதுதான் போச்சு. தனியா விடாத."

"விடமாட்டேம்மா" என்றார் மிஸ்.

குற்றாலிங்கம் மிஸ்ஸின் பக்கம் குனிந்து முணுமுணுத்தார். "நான் ஒண்ணும் செய்யல மிஸ். எல்லாம் அவங்கதான் செஞ்சாங்க. என் காதைக்கூடச் சுத்தம் பண்ணி வச்சிட்டாங்க."

மிஸ் பொட்டலத்தைப் பிரித்தார். தனக்கு ஒன்று எடுத்துக்கொண்டார். பிரிசில்லாவுக்கு ஒன்று, ஷேக் மைதீனுக்கு ஒன்று, கோமுவுக்கு ஒன்று. காலையெல்லாம் கண்ணைத் திறந்தே வைத்திருந்த சுடலைமுத்துவுக்கும் ஒன்று. மீதி இரண்டு. அதில் ஒன்றைத் தாயம்மாளிடம் நீட்டினார்.

"இன்னைக்கு எனக்கு விரதம்மா." தாயம்மாள் குரலைத் தாழ்த்தினார். "அதையும் அவருக்கே குடு. பாவம், ரெண்டாக் குடு."

"ரெண்டு வேண்டாம்!" என்று கூவினார் குற்றாலிங்கம்.

தாயம்மாள் திடுக்கிட்டுத் திரும்பினார். "இது மட்டும் எப்படிக் கேட்டுது?"

குற்றாலிங்கம் சட்டென்று கையைக் குவித்துக் காதில் வைத்துக்கொண்டார். பிரிசில்லா முந்தானைக்குள் சிரித்தாள்.

மிஸ் அவருடைய மற்றக் கையில் ஒரு வடையை வைத்தார். பொட்டலத்தை மூடவில்லை. குற்றாலிங்கம் நீட்டிய கையை மடக்காமல் நின்றார்.

"காலைல ஒரு கேள்வி கேட்டீங்களே, அண்ணாச்சி?"

"அது கிடக்கட்டும் மிஸ். எனக்கு ஒண்ணா, ரெண்டா?"

மிஸ் தாயம்மாளைப் பார்த்தார். பிறகு குற்றாலிங்கத்தின் காதருகே வந்து, கொட்டகையிலிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

"ஒண்ணு!"

"ஒண்ணு" என்று திருப்பிச் சொன்னார் குற்றாலிங்கம்.

பொட்டலத்தில் மீதம் ஒரு வடை.