கிடாவும் சூரைமுள்ளும்

ஆடு மேய்க்கும் கொம்பாயி ஜமீன்தார் முன்னால் வந்து நின்றாள். "சாமி, பட்டியில இருந்த என் கிடாவை யாரோ களவாண்டுட்டாங்க. சுத்திலும் சூரைமுள் வேலி போட்டிருந்தும் போயிருச்சு."

பக்கத்தில் நின்ற மணியக்காரர் பிச்சாண்டி துள்ளினார். "புளுகு! இந்த ஜமீனில் எனக்குத் தெரியாத செடி உண்டா? சூரைமுள் என்று ஒன்று இங்கே கிடையவே கிடையாது. இருந்தால் நின்ற இடத்திலேயே காட்டட்டும். காட்டாவிட்டால் மிச்ச ஆடுகளும் ஜமீனுக்கு!"

"காட்டுறேன். ஐயா கொஞ்சம் திரும்பி நில்லுங்க."

பிச்சாண்டி திரும்பினார். வேட்டியின் பின்பக்கத்தில், வளைந்த முள்ளோடு ஒரு குச்சி மாட்டிக்கொண்டு ஆடியது.

கொம்பாயி கும்பிட்டாள். "மலையடிவாரத்துல முளைக்கும் சாமி. வெட்டிப் போட்டா என் வேலியில காயும். கிடாவைப் பிடிச்சவங்க வேட்டியில மாட்டி, பின்னாடியே அவங்க வீடு வரைக்கும் போகும்."