சாட்சிமேட்டுப் புல்

இந்தக் கதையை நான் முப்பது வருஷமாக முழுசாக நம்பியதில்லை. நம்பாமலே பலரிடம் சொல்லியும் இருக்கிறேன். எனக்குச் சொன்னவர் குற்றாலிங்கம், எங்கள் ஊர்ப் பூங்காவைக் கட்டிய ஓவர்சியர். கட்டிய என்பது அவர் வார்த்தை. மண் சுமந்தவர்கள் வேறு.

முப்பத்துநாலாம் வருஷம். உலகமெங்கும் வியாபாரம் படுத்துக் கிடந்தது. பருத்தி விலை விழுந்து ஆலைகள் மூடின, தறிகள் நின்றன. மழையும் இல்லை. பட்டினி கிடந்தவர்களுக்கு வேலை கொடுக்க நகராட்சி ஒரு பூங்கா போட்டது. நடுவில் குளம். நாள் முழுக்க மண் வெட்டினால் ஒரு படி கம்பு.

குற்றாலிங்கத்தின் குரு இருளப்ப சாமி. தறி நின்றுபோன நெசவாளி, சீடனைவிட நாலு வயது சின்னவர். அவரும் அந்தக் குளத்தில்தான் மண் வெட்டினார். சாயங்காலம் அவர் காலடியில் ஓவர்சியர் உட்கார்ந்திருப்பார். பகலில் அவர் வெட்டிய குழியை ஓவர்சியர் அளப்பார்.

"சாமி மண்ணு சொமக்குது, சீடன் குடை பிடிக்கான்," என்பாள் ஒருத்தி.

"யாருக்குக் குடை?"

"சீடனுக்குத்தான்."

குழி வெட்டும்போது நடுவில் ஒரு திட்டை மட்டும் வெட்டாமல் விடுவார்கள். அது சாட்சிமேடு. பழைய தரை எங்கே இருந்தது என்பதற்கு அதன் தலையிலுள்ள புல்தான் அத்தாட்சி. அந்தப் புல்லிலிருந்து குழியின் அடிவரை ஒன்றரை முழம் இருக்க வேண்டும். குறைந்தால் அரைப்படிதான். மூன்று நாள் தொடர்ந்து குறைந்தால் ஏட்டில் பெயரை அடித்துவிடுவார்கள்.

"இருக்கிற கம்பு மூட்டைக்குள்ள குளம் முடியணும். எப்படியாவது முடி," என்றார் நகராட்சிச் சேர்மன்.

குற்றாலிங்கம் வழி கண்டுபிடித்தார். எல்லாரும் கஞ்சி குடிக்கப் போகும் உச்சிப்பொழுதில் குழிக்குள் இறங்குவார். சாட்சிமேட்டுப் புல்லைக் கத்தியால் பத்தையாகப் பெயர்ப்பார். அடியில் நாலு விரல் மண்ணைச் சீவுவார். புல்லை மறுபடி பொருத்திவிடுவார். மேடு குட்டையானால் அளக்கும்போது குழி ஆழம் குறைவாகக் காட்டும். தினம் ஏழெட்டுக் குழி.

நாலு மணிக்கு அளந்ததில் முப்பிடாதியின் குழி மூன்று நாளும் குறைந்தது. புருஷன் கொழும்புக்குப் போனவன், தகவல் இல்லை. கைக்குழந்தையைப் புளியமரத்துத் தூளியில் போட்டுவிட்டு மண் வெட்டுகிறவள்.

"குறையாதுய்யா. கோல் வச்சுப் பாத்துட்டுத்தான் கஞ்சிக்குப் போனேன்."

"கோல் பொய் சொல்லாது."

"அப்ப நான் சொல்லுதேனா?"

"நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்."

"பிள்ளைக்குப் பால் இல்லய்யா. அரைப்படியைத் தின்னா எங்கேர்ந்து ஊறும்? அதையும் நிறுத்திட்டா?"

குற்றாலிங்கம் பென்சிலை எடுத்து அவள் பெயரை அடித்தார்.

இருளப்ப சாமி பக்கத்துக் குழியிலிருந்து ஏறி வந்தார். கையில் அவருடைய குடிதண்ணீர்க் கலயம். ஒரு நாளுக்கு அவ்வளவுதான். அதை முப்பிடாதியின் சாட்சிமேட்டில், புல்லின் மேல் ஊற்றினார்.

"என்ன சாமி, புல்லு வளத்து மாடு கட்டப் போறீரா?" என்று ஒருவன் கேட்டான்.

சாமி சிரிக்கவில்லை. "என் குழி மேட்டுல புல்லு நிமிந்து நிக்கு. இங்க ஏன் வாடிக் கிடக்கு? ஒரே வெயில்தான?"

சாமி இரண்டு விரலால் புல்லைப் பிடித்துத் தூக்கினார். தொப்பி கழன்று வருவதுபோல் முழுசாக வந்தது. அடியில் மண் வழவழவென்று இருந்தது. கத்தி போன தடம்.

குற்றாலிங்கம் அவர் முகத்தைப் பார்த்தார். அப்படியொரு முகத்தை அவர் சாயங்காலங்களில் பார்த்ததில்லை.

"கோபப்படாதீங்க சாமி. கோபம் மனுஷனைத் தின்னுரும்னு நீங்கதான சொன்னீங்க?"

"சொன்னேன். அன்னைக்கு நாம ரெண்டு பேரும் சாப்பிட்டிருந்தோம்."

குற்றாலிங்கம் குழிக்குள்ளேயே அவர் காலில் விழுந்தார்.

"பாவம் பண்ணிட்டேன் சாமி. நெஞ்சு கொதிக்குது. இது ஆற நான் என்ன செய்யணும்?"

சாமி காலை இழுத்துக்கொண்டார்.

"ஏடு உன் கையில இருக்கு. பென்சிலும் இருக்கு."

அவ்வளவுதான். தன் குழிக்குத் திரும்பிப் போய் மண்வெட்டியை எடுத்தார்.

கதை எப்போதும் இங்கேதான் முடியும். குற்றாலிங்கம் கண்ணை மூடிக்கொள்வார். "ஏடுன்னா நம்ம ஜென்மம். பென்சில்னா நம்ம வினை. எவ்வளவு பெரிய உபதேசம் பாத்தீங்களா?" என்பார். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். நானும் ஆட்டியிருக்கிறேன்.

என் சந்தேகமெல்லாம் புல்லைப் பற்றி. உச்சிக்குப் பெயர்த்த புல் சாயங்காலத்துக்குள் வாடுமா? ஒரு நாள் வீட்டு வாசலில் ஒரு பத்தையைப் பெயர்த்து அதே இடத்தில் வைத்துப் பார்த்தேன். நாலு மணிக்குச் சுருண்டுவிட்டது. அதற்குப் பிறகு, பஞ்சத்தில் யாராவது தண்ணீரைக் கொட்டுவார்களா என்று சந்தேகப்பட்டேன். ஒரு ஞானிக்கு அவ்வளவு கோபம் வருமா என்றும். வருஷக்கணக்காக இப்படித் தேவையில்லாத இடத்தையே தோண்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

போன மாதம் பூங்காவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எதிரே அந்தக் குளம். தொண்ணூறை நெருங்கிவிட்டார். நல்ல ஆரோக்கியம். மறுபடி அதே கதை, அதே சொற்கள். ஜென்மம் என்றார், வினை என்றார், கண்ணை மூடினார்.

எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் பாதி என்மேல்தான்.

"கண்ணைத் திறங்கய்யா," என்றேன். "முப்பிடாதி பேரை அன்னைக்குத் திரும்ப எழுதினீங்களா?"