காராமணி வீட்டுக் குடித்தனக்காரன்

ஒரு ஊர்ல ஒரு கொடி இருந்துச்சாம். ஊருன்னு சொல்றது பேச்சுக்குத்தான். அப்போ ஊரும் கிடையாது, மனுஷனும் கிடையாது, பேர் வைக்க ஆளே இல்ல. நாம அவளைக் காராமணின்னு வச்சுக்கலாம். அவ பேத்திங்களை இப்பவும் அப்படித்தான் கூப்பிடுறோம், தப்பில்ல. ம் சொல்லு.

ம்.

காராமணி புள்ளத்தாச்சி. ஒரே ஒரு காய், உள்ள நாலு விதை. ஆனா காயைத் தொட்டா பொக்குபொக்குன்னு அமுங்குது. இலையெல்லாம் வெயில்ல நின்னு சர்க்கரை காய்ச்சுதுதான். வெறும் சர்க்கரையைத் தின்னா புள்ளைக்கு உடம்பு புடிக்குமா? சத்து வேணும். அந்தச் சத்து காத்துல கொட்டிக் கிடக்கு, ஆனா பூட்டிக் கிடக்கு. அதோட பேரு நைட்ரஜன், உனக்கு இப்ப வேணாம். பூட்டைத் திறக்கத் தெரிஞ்சவங்க மண்ணுக்கடியில இருந்தாங்க. கண்ணுக்கே தெரியாத பொடிசுங்க. அவங்கன்னா எல்லாச் செடிக்கும் நடுக்கம். பக்கத்துக் கொடி அவங்களை உள்ள விட்டு, ஒரே வாரத்துல வேரோட அழுகிப் போனா.

ஆனா வயித்துல நாலு புள்ளை பட்டினி கிடக்குதே. அப்போ காராமணி என்ன பண்ணா, உச்சி வெயில்ல, வேர் வழியா ஒரு வாசனையை மண்ணுல கசிய விட்டா. யாராவது இருந்தா வாங்கன்னு அர்த்தம். அப்புறம் அசையாம நின்னு கேட்டா.

சொர... சொர... சொர...

முதல்ல ஒருத்தன் வந்தான். அக்கா, அக்கான்னு தேனா பேசினான். இவ வேர்முடியைச் சுருட்டி அவனைப் பொத்தி உள்ள கொண்டு போனா. சாயங்காலத்துக்குள்ள அவன் சுவரையே தின்ன ஆரம்பிச்சுட்டான். ஈர நாத்தம் ஏறி வருது. காராமணி தன் வேரைத் தானே கிள்ளிப் போட்டா. கிள்ளிப் போட்ட வேர் மண்ணுக்குள்ள ரெண்டு நாள் அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சாம்.

ம்.

அப்புறம் ரெண்டாமவன். ரொம்ப மரியாதைக்காரன். ஒரு அறை கேட்டான், குடுத்தா. சர்க்கரை கேட்டான், குடுத்தா. நாளைக்குச் சமைக்கிறேன், நாளைக்குச் சமைக்கிறேன்னு தின்னுக்கிட்டே இருந்தான். காய் அப்படியே பொக்கு. அப்போ அவ அந்த அறைக்குப் போற மூச்சை நிறுத்திட்டா. முதல் நாள் டொக்டொக்குன்னு தட்டினான். ரெண்டாம் நாள் சுரண்டினான். மூணாம் நாள் சத்தமே இல்ல.

செத்துட்டானா?

அவ திறந்து பாக்கல.

அதுக்குள்ள அடியிலை எல்லாம் மஞ்சளாகி உதிர்ந்துடுச்சு. இன்னும் ரெண்டு நாள் போனா காயும் உதிர்ந்துடும். மிச்சமிருந்த வாசனையை எல்லாம் விட்டா. யாரும் வரல. வரலைன்னு நினைச்சப்போ, வேர் நுனிக்குப் பக்கத்துலயே ஒரு குரல். ரொம்ப நாளா இங்கதான் இருக்கேன், நடந்ததை எல்லாம் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்னுச்சு.

"நீ என்ன தருவே?"

"காத்தைச் சோறாக்கித் தரேன்க்கா. ஆனா அந்தக் காத்துலயே ஒரு பங்கு என் அடுப்பை அணைச்சிடும். நான் உள்ள போனதும் வெளிய இருந்து சாத்திடு."

"சாத்திட்டா நீ எப்படித் திரும்பி வருவே?"

அதுக்குள்ள அவன் உள்ள போயிட்டான்.

காராமணி வேர்ல உருண்டையா ஒரு அறை கட்டி, கெட்ட காத்து நுழையாம சுவரெல்லாம் ரத்தம் பூசினா. செடிக்கு ஏது ரத்தம்னு கேக்காதே. இன்னைக்கும் காராமணி வேரைப் புடுங்கி, அந்த முடிச்சை நகத்தால கீறினா உள்ள செக்கச்செவேல்னு இருக்கும். நான் கீறிப் பாத்திருக்கேன்.

குடுகுடு, குடுகுடுன்னு அடுப்பு எரியுது. ஒருத்தன் ரெண்டானான், ரெண்டு ஆயிரமாச்சு. எல்லாரும் ஊதிப் பெருத்து, நகர இடமில்லாம, சமைச்சுக்கிட்டே இருந்தாங்க. மேல இலை பச்சை கட்டுது. காயைத் தொட்டா கல்லு மாதிரி இருக்கு. தினமும் இவ கூப்பிட்டு, தம்பி உன் பேரென்னன்னு கேப்பா. முதல் நாள் சொன்னான். பத்தாம் நாள் யோசிச்சு, பாதி சொன்னான். அப்புறம் ஒரு நாள் இவளையே கேட்டான்:

"எனக்குப் பேர் இருந்துச்சாக்கா?"

தூங்கிட்டியா?

...ம்.

அப்புறம் காய் முத்திக் காஞ்சு, ஒரு மத்தியானம் டப்புன்னு வெடிச்சுது. நாலு விதையும் கொழுகொழுன்னு நாலு பக்கம் தெறிச்சு விழுந்துச்சு. நாலும் பொழைச்சுக்கிச்சு. காராமணிக்கு இனி வேலையில்ல, அவளும் காய ஆரம்பிச்சுட்டா. சாகறதுக்கு முன்னாடி அடைச்சு வச்சவனை விட்டுடணும்னு நினைச்சா. கதவை எல்லாம் திறந்தா. புள்ளைங்களைக் காப்பாத்திட்டே, போ தம்பின்னா.

யாரும் வெளிய வரல.

பதில் மட்டும் வந்துச்சு. அறையிலேர்ந்து வரல. அவ வாயிலேர்ந்தே, அவ குரல்லயே வந்துச்சு.

"எங்க போறது? இங்க வேற யாரு இருக்கா?"

அவ்வளவுதான். கதை மண்ணுக்குள்ள போயிடுச்சு, நீ போர்வைக்குள்ள போ. பயமா? எதுக்கு? உன் வயித்துக்குள்ளயும் கோடிக்கணக்குல குடியிருக்காங்க, அவங்க பாட்டுக்கு இருக்காங்க. நீ பேசாம படுத்தா அவங்களும் தூங்குவாங்க.