ஏகாம்பரம் போட்ட அட்டவணை

"மேடம், இவளுக்குப் பயிற்சியை எப்போ ஆரம்பிக்கணும்?"

கேட்டவர் ஏகாம்பரம். குடியாத்தத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். பக்கத்தில் நின்றது அவர் மகள் தீட்சணா. எட்டாம் வகுப்பு.

கேப்டன் நிலோஃபர் ஏழு வருடம் ராணுவத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். அதிகாரியாகச் சேர நினைக்கும் பிள்ளைகளை ஏரிக்கரை மைதானத்தில் தயார் செய்கிறார்.

"எதுல சேரணும்?"

"தேசிய பாதுகாப்பு அகாடமி மேடம். பன்னிரண்டாவது படிக்கும்போதே விண்ணப்பம் போடலாமாம். இது எனக்குத் தெரியவரும்போது இருபத்து மூணு வயசு. எல்லாம் தாண்டிப்போச்சு. இவளுக்கு அப்படி ஆகக் கூடாது."

நிலோஃபர் சிறுமியைப் பார்த்தார். "உனக்கு ஆசையா?"

தீட்சணா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"தெரியலை மேடம்."

ஏகாம்பரம் அவசரமாக ஒரு தாளை நீட்டினார். நான்கு வண்ணங்களில் கால அட்டவணை. காலை நாலரைக்கு எழுந்தால் படுக்கை இரவு பதினொன்றுக்குத்தான். நடுவில் ஓட்டம், தண்டால், கணக்கு, ஆங்கிலம், செய்தித்தாள்.

"நாலு வருஷத்துக்கும் போட்டுட்டேன்."

நிலோஃபர் கடைசி வரி வரை படித்தார்.

"நல்லா இருக்கு. ஒரு மாசம் நீங்க செஞ்சு பாருங்க."

"நானா?"

"நீங்கதானே எழுதினீங்க?"

"அப்போ இவ?"

"இவ உங்களைப் பார்த்துக்கட்டும்."

முதல் நாள் ஏகாம்பரம் மைதானத்தை ஒன்றரைச் சுற்று ஓடினார். மீதியை நடந்தார். தீட்சணா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மூன்றாம் நாள் அவரால் படி இறங்க முடியவில்லை. அவள் சிரிக்கவில்லை. வெந்நீர் போட்டுக் கொடுத்தாள்.

ஏழாம் நாள் கணக்குப் புத்தகத்தின் மேலேயே தூங்கிவிட்டார். விழித்தபோது, தீட்சணா சிவப்புப் பேனாவால் அட்டவணையில் மூன்று வரிகளை அடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி பண்றே?"

"தூக்கம் பத்தலைன்னா உனக்குக் கணக்கும் வராது, ஓட்டமும் வராதுப்பா. இனிமே ஒன்பதரைக்குப் படு."

படுத்தார்.

அதற்கப்புறம் அவளும் கூடவே ஓட ஆரம்பித்தாள். "பேசாம ஓடுப்பா. மூச்சு வாங்குது பாரு." இருபதாம் நாள் இருவரும் ஆறு சுற்று முடித்தார்கள். அன்றைக்கு ஏகாம்பரம் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொன்னார்.

மாதக் கடைசியில் நிலோஃபர் அவரை மரச்சுவரின் முன் நிறுத்தினார். பத்தடி உயரம். கயிற்றைப் பிடித்து ஏறி, அந்தப் பக்கம் கட்டைகளில் கால் வைத்து இறங்க வேண்டும். கீழே மணல் கொட்டியிருந்தது.

ஏகாம்பரம் ஏறிவிட்டார். உச்சியில் உட்கார்ந்து கீழே பார்த்தார். அவ்வளவுதான். பலகையை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டார்.

"மேடம், ஏணி இருக்கா?"

நிலோஃபர் திரும்புவதற்குள் தீட்சணா கயிற்றில் பாதி ஏறியிருந்தாள். உச்சியில் அவருக்கு எதிரே போய் உட்கார்ந்தாள்.

"அப்பா, கீழ பார்க்காதே. என்னைப் பாரு."

"கை நடுங்குதும்மா."

"நடுங்கட்டும். பிடியை மட்டும் விடாதே. இடது காலை இறக்கு. இன்னும் கொஞ்சம். கட்டை தட்டுதா?"

"தட்டுது."

"அதுல நில்லு. இப்போ வலது கால்."

கடைசிக் கட்டையிலிருந்து அவர் மணலில் வந்து விழுந்தார். எழுந்து, மணலைத் தட்டிவிட்டு, ஒன்றும் நடக்காதது போலக் கேட்டார்.

"ஒரு மாசம் முடிஞ்சுது மேடம். நாளையிலேர்ந்து இவளுக்கு ஆரம்பிச்சிடலாமா?"

நிலோஃபர், பின்னாலேயே இறங்கியிருந்த தீட்சணாவிடம் திரும்பினார்.

"உன் சிப்பாய் எப்படி?"

தீட்சணா நிமிர்ந்து நின்றாள்.

"பயப்படுறாரு மேடம். ஆனா சொன்னா கேட்கிறாரு. ரெண்டு நாள் ஓய்வு கொடுத்துட்டு மறுபடி ஏத்தலாம்."