பிலோமினா சாத்திய குகைக் கதவு

“டிராகன் பறந்து வந்து கடிக்கிறது, உடனே குகையை விட்டுப் பறந்துவிடுகிறது, என் வாள் எட்டவே இல்லை!” என்று நாலாவது முறையாகப் புலம்பினார், பகடை ஆட்டத்தில் மாவீரராக இருந்த வங்கி மேனேஜர். டிராகனை நகர்த்தும் ஆதிகேசவன் மீசையைத் தடவிக்கொண்டார்.

டீ கொண்டுவந்த அவர் வீட்டுச் சமையல்காரி பிலோமினா சிரித்துவிட்டாள்.

“நீ வந்து ஜெயியேன், ஞாயிறுதோறும் லீவு தருகிறேன்” என்றார் ஆதிகேசவன்.

“நான் துரத்தலை சார். கதவோரமா நிக்கிறேன். அது உள்ளே வந்ததும் சாத்திடுவேன். மீன் திருடுற பூனையை அப்படித்தான் பிடிச்சேன்.”

“உன் முறை இல்லாதபோது எப்படிச் சாத்துவாய்?”

“முறை வந்தப்பவே செய்யப்போறதைச் சொல்லிவெச்சுட்டுக் காத்திருக்கலாம்னு போன வாரம் நீங்கதானே விதியைச் சத்தமா வாசிச்சீங்க?”

வராமல் இருந்தால் ஆதிகேசவனின் மானம் போகும் என்பதால் டிராகன் வந்தது. கதவு சாத்தப்பட்டது. மேனேஜரின் வாள்கூட எட்டியது.

அடுத்த ஞாயிறு ஆதிகேசவன் மூன்று முறை கேட்டுப் பார்த்தார்: “யாராவது எழுந்து டீ போடுங்களேன்!”