முத்துக்கனியின் தலைவலி

கல்லூரியை விட்டுவிடுவதென்று முடிவு செய்துவிட்டு, அதைச் சொல்வதற்காக முத்துக்கனி பாக்கியம் டீச்சரைத் தேடி வந்தாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கபடி சொல்லித்தந்தவர் பாக்கியம் டீச்சர். முடிவு செய்தவள் நேரே வீட்டுக்குப் போய்ப் பெட்டியை இறக்கி வைத்திருக்கலாம். போகவில்லை.

மைதானத்தில் பிள்ளைகள் சாயங்காலப் பயிற்சிக்குக் கூடியிருந்தார்கள். அவள் விஷயத்தைச் சொன்னதும் டீச்சர் குனிந்து சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுக்கொண்டே கேட்டார்.

"எத்தனை அரியர்?"

"ஒண்ணுதான் டீச்சர். கணக்கு. ரெண்டு தடவ எழுதிட்டேன். அடுத்த மாசமும் போச்சுன்னா ரெண்டாம் வருசத்துல உக்கார விடமாட்டாங்க."

"படிக்கியா?"

"படிக்கேன். புரியல."

"புரிஞ்சவங்க ஒருத்தருமா இல்ல அங்க?"

முத்துக்கனி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நன்றாகப் புரிந்த ஒருத்தி இருந்தாள். அதுதான் சங்கடமே.

"வினோலியா எப்படி இருக்கா?" என்றார் டீச்சர்.

வினோலியாவும் இதே மைதானத்தில் ஆடியவள்தான். இடது கார்னர். மாவட்டக் கோப்பை ஜெயித்த வருஷம் பேப்பரில் வந்த போட்டோவில் முத்துக்கனி கோப்பையோடு நடுவில் நின்றாள். வினோலியாவின் பாதி முகம் யாருடைய தோளுக்கோ பின்னால் இருந்தது. ரைடு போகிறவளைத்தான் ஊர் பார்க்கும். மூலையில் நின்று காலைப் பிடிக்கிறவளை யார் பார்க்கிறார்கள்? முத்துக்கனியும் பார்த்ததில்லை. இப்போது இரண்டு பேருக்கும் ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு. வாத்தியார்கள் வினோலியாவைப் பெயர் சொல்லி எழுப்புகிறார்கள். முத்துக்கனியை "கடைசி பெஞ்ச்" என்கிறார்கள்.

"அவளுக்கென்ன, நல்லா இருக்கா." பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "ஹாஸ்டல் மெஸ்ஸுல உக்காந்து தினமும் நாலு பேருக்குக் கணக்கு சொல்லிக் குடுக்கா. பெரிய புரபசர்னு நெனப்பு."

"உன்னைக் கூப்பிடலையா?"

"கூப்பிட்டா. மூணு தடவ."

"போனியா?"

"தலைவலின்னு சொல்லிட்டேன்."

"மூணு தடவையுமா தலைவலி?"

முத்துக்கனிக்குக் கண் கலங்கிவிட்டது.

"வயிறு எரியுது டீச்சர். போதுமா? அவ எந்திரிச்சு பதில் சொல்லும்போதெல்லாம் தப்பா போகணும்னு வேண்டிக்கிடுதேன். எனக்குப் பின்னால நின்னவ அவ. அவ முன்னால நோட்டத் தூக்கிட்டுப் போயி நான் உக்காரணுமா?"

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"சொன்னீங்க. இங்க பழகுனது எல்லாம் காலேஜ்ல கைகொடுக்கும்னு சொல்லித்தான அனுப்புனீங்க? ஒண்ணும் குடுக்கல. இங்க யாரு பாயிண்ட் எடுத்தாலும் ஒரே ஸ்கோரு. அங்க அவ மார்க்கு அவளுக்கு, என் மார்க்கு எனக்கு."

டீச்சர் கையில் ஒட்டிய சுண்ணாம்பைத் தட்டினார்.

"செருப்பக் கழட்டு. ஒரு ஆட்டம் ஆடிட்டுப் போ."

துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு முத்துக்கனி இறங்கினாள். முதல் ரைடே அவள்தான். எதிரே நின்றதெல்லாம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் என்று கொஞ்சம் இளப்பமாகப் போனாள். ஒரு வருஷமாக ஓடாத கால். ஒரு பொடிசு கணுக்காலைப் பிடித்ததும் மற்ற ஆறு பேரும் மேலே விழுந்தார்கள்.

அவுட்.

கோட்டுக்கு வெளியே போய் உட்கார்ந்தாள். உதட்டில் மண். தன் அணிக்கு ஒரு பாயிண்ட் வந்தால்தான் இனி உள்ளே போக முடியும்.

எதிரணியிலிருந்து ஒரு நெட்டைப் பெண் பாடிக்கொண்டு வந்தாள். முத்துக்கனியின் அணியில் இடது மூலையில் ஒரு ஒல்லிப் பிள்ளை நின்றது. பெயர்கூட முத்துக்கனிக்குத் தெரியாது. நெட்டைப் பெண் உள்ளே காலை வைத்ததும் அந்தப் பிள்ளை பாய்ந்து கணுக்காலைக் கட்டிக்கொண்டது.

"பிடிட்டி! விட்டுறாத! இழுத்துப் போடு!"

தொண்டை கிழியக் கத்தியது முத்துக்கனிதான். நெட்டைப் பெண் விழுந்தாள். முத்துக்கனி பாய்ந்து உள்ளே ஓடி, ஒல்லிப் பிள்ளையைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினாள்.

அதற்குப் பிறகுதான் விசில் கேட்டது. டீச்சர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்.

"பிடிச்சது யாரு?"

"இந்தப் புள்ள." முத்துக்கனிக்கு மூச்சு வாங்கியது. முகம் முழுக்கச் சிரிப்பு.

"உன்னப் பிடிச்சுப் போட்டுட்டாங்க. இவ ஒருத்தியப் பிடிச்சுட்டா. வயிறு எரியலையா?"

"இதுக்குப் போயி யாராவது எரிவாங்களா டீச்சர்? இவ பிடிக்கலேன்னா நான் இன்னும் அங்கதான..."

பிள்ளைகள் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்கள்.

டீச்சர் அவள் முழங்கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார்.

"இங்க நான் விசில் ஊதுறதுக்கு முன்னாலயே உள்ள ஓடி வந்துட்ட. அங்க ஒருத்தி மூணு தடவ கூப்பிட்டும் வெளியவே உக்காந்திருக்க."